அமெரிக்க அரசுப் பல்கலைக்கழக மாணவர்கள் மீது குத்தப்படும் முத்திரைகள் எவ்வளவு உண்மை?

கேள்வி: பல இனத்தவரும் சேர்ந்து படிக்கும் அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகங்களில் "இவர்கள் இப்படித்தான்" என்று மாணவர்களைப் பற்றிச் சொல்வதில் ஏதாவது உண்மை இருக்கிறதா?

நான் நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பொறியியல் படித்தவன். அந்த ஓர் இடத்தை வைத்துத்தான் என்னால் பேச முடியும். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது வரைக்கும் அந்தப் பேச்சு பெரும்பாலும் சரி. அவர்கள் எப்படி அங்கே வந்து சேர்ந்தார்கள் என்ற இடத்தில்தான் அது தப்பாகிப்போகிறது.

ரட்கர்ஸின் நியூ பிரன்ஸ்விக் வளாகம் ஒரே துண்டாக இல்லை. ராரிட்டன் ஆற்றுக்கு ஒரு கரையில் காலேஜ் அவென்யூ, குக், டக்ளஸ். மறுகரையில் புஷ், லிவிங்ஸ்டன். நாள் முழுக்கப் பல்கலைக்கழகப் பேருந்துகள் ஓடும். எந்த நிறுத்தத்தில் இறங்குகிறீர்கள் என்பதை வைத்தே ஆளை எடைபோட்டுவிடுவார்கள். புஷ் என்றால் ஆசியப் பிள்ளைகள், பொறியியல், படிப்பைத் தவிர வேறு உலகம் தெரியாதவர்கள். காலேஜ் அவென்யூ என்றால் பார்ட்டி. குக் என்றால் மாட்டுப் பண்ணை, அதிகம் மூளை தேவைப்படாத படிப்பு.

குக் வளாகத்தில் மாடுகள் இருப்பது உண்மைதான். ஆனால் காசநோய்க்கு வந்த முதல் நல்ல மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டுபிடிக்கப்பட்டதும் அங்கே இருந்த வேளாண் கல்லூரியில்தான். பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்த ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற ஆய்வு மாணவர், அடித்தள ஆய்வகத்தில் வேலை செய்து எருவிட்ட வயல்மண்ணிலிருந்து அந்த நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். அவருடைய பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மன் இன்றைய உக்ரைனிலிருந்து குடியேறியவர், அதே கல்லூரியில் 1915இல் வேளாண் பட்டம் வாங்கியவர். 1952இல் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும் போனது. ஷாட்ஸோ வழக்குப் போட்டுத்தான் தானும் கண்டுபிடித்தவன் என்ற அங்கீகாரத்தைப் பெற முடிந்தது. நம் தாத்தா பாட்டி காலத்தில் காசநோய்க்கு ஊசி போட்டுப் பிழைத்தவர்கள் எத்தனை பேர்! குக்கை யாராவது மட்டமாகப் பேசினால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

லிவிங்ஸ்டன் 1969இல் பழைய ராணுவ முகாம் நிலத்தில் திறக்கப்பட்டது. கறுப்பின, போர்ட்டோ ரிக்க மாணவர்கள் அதிகம் சேர்ந்த வளாகம் என்பதால், கலவரம் செய்ய முடியாதபடி விடுதிகளைக் கட்டியிருக்கிறார்கள் என்று ஒரு வதந்தியே உண்டு. இப்போது வணிகவியல் பள்ளி அங்கே இருக்கிறது. அதனால் அதே வளாகம் கோட்டு சூட்டு போட்டவர்களின் இடமாகிவிட்டது.

சரி, நம் பிள்ளைகளுக்கு வருவோம். இந்தியாவிலிருந்து போகிறவர்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் படிப்பார்கள், தங்களுக்குள்ளேயே சுற்றுவார்கள், வேறு யாரோடும் ஒட்டமாட்டார்கள் என்பார்கள். பார்த்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் மாணவர் விசாவில் வருபவர், வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். படிப்பு முடிந்ததும் சாதாரணமாக 12 மாதம்தான் வேலை அனுமதி; அறிவியல், பொறியியல், கணிதம் போன்ற துறைகளுக்கு மட்டும் இன்னும் 24 மாதம் கூடுதலாகக் கிடைக்கும். ஊரில் கடன் வாங்கி வந்தவன் வரலாறு படிப்பானா? வாடகையை நான்கு பேர் பகிர்ந்தால்தான் கட்டுப்படியாகும் என்னும்போது, ஒரே சமையலுக்கு ஒத்துவருகிற நான்கு பேர் சேரத்தான் செய்வார்கள். பக்கத்தில் இந்தியர்கள் நிறைய வாழும் எடிசன் என்ற ஊரில் பிறந்து வளர்ந்த இந்தியப் பிள்ளைகள் இவர்களைப் பட்டிக்காடு என்பார்கள், இவர்கள் பதிலுக்கு அவர்களை ஏபிசிடி, அதாவது அமெரிக்காவில் பிறந்து குழம்பிப்போன தேசி, என்பார்கள். இரண்டு தரப்பும் சனிக்கிழமை மளிகை வாங்குவது என்னவோ அதே ஓக் ட்ரீ ரோட்டில்தான்.

எனக்கு மிகவும் வலித்தது இதெல்லாம் இல்லை. தினமும் வீட்டிலிருந்து வந்து போகும் மாணவர்களைப் பற்றிய பேச்சுதான். "வகுப்பு முடிந்ததும் ஓடிவிடுவார்கள், படிப்பில் அக்கறை கிடையாது." நான் டி.ஏ.வாக, அதாவது பேராசிரியருக்குக் கற்பித்தல் உதவியாளராக, இருந்த வகுப்பில் நெவார்க் நகரத்திலிருந்து ஒரு கறுப்பின மாணவர் வந்தார். இரவில் கிடங்கில் வேலை, காலையில் ரயில், ஸ்டேஷனில் இறங்கி புஷ்ஷுக்குப் பேருந்து. சந்தேகம் கேட்க வரும்போது மடித்த தாள்களைப் பையிலிருந்து எடுப்பார். ஒவ்வொரு கணக்கையும் ரயிலில் பென்சிலால் ஒருமுறை போட்டு, வீட்டில் பேனாவால் மறுபடி போட்டிருப்பார். எந்த வரியில் விடை பிசகியது என்று அவரே வட்டம் போட்டு வைத்திருப்பார். மாலை ஆறு மணிக்கு நூலகத்தில் கூடும் குழுவில் அவரால் உட்கார முடியாது. அதற்குக் கிடைத்த பெயர் அக்கறையின்மை.

அவரைப் பற்றி நம்மூர் நண்பர் ஒருவர் "கோட்டாவில வந்திருப்பான்" என்றார். அந்தச் சொல்லை ஊரிலிருந்து பெட்டியில் கட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். அவர் சொன்னது, வசதியில்லாத குடும்பத்துப் பிள்ளைகள் கல்லூரியில் படிக்க உதவும் கல்வி வாய்ப்பு நிதித் திட்டத்தை. நெவார்க்கில் 1967இல் வெடித்த கலவரத்துக்குப் பிறகு, 1968இல் மாநில அரசு சட்டம் போட்டுக் கொண்டுவந்தது அது. அது பார்ப்பது குடும்ப வருமானத்தை, நிறத்தை இல்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகளும் அதில் உண்டு, நம் இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகளும் உண்டு. சேர்ந்தவர்களுக்கு முதலாண்டு தொடங்குவதற்கு முன்பே கோடை வகுப்புகள் நடக்கும். மற்றவர்கள் விடுமுறையில் இருக்கும்போது இவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். அப்புறம், கதவு தானாகவும் திறந்துவிடவில்லை. 1969 பிப்ரவரியில் ரட்கர்ஸின் நெவார்க் வளாகத்தில் கறுப்பின மாணவர்கள் காங்க்ளின் ஹால் கட்டடத்தைக் கைப்பற்றி உள்ளே உட்கார்ந்தார்கள். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரத்தில், அதன் பல்கலைக்கழகத்தில் அவர்கள் பிள்ளைகள் ஒரு கைப்பிடிதான் இருந்தார்கள் என்பதே காரணம்.

நீங்கள் இந்த ஆண்டு இப்படிப்பட்ட பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போகிறவராக இருந்தால், முதல் செமஸ்டரில் குழு வேலைக்கு ஆள் சேர்க்கும்போது ரயிலில் வருகிறவர்களையும் கேளுங்கள். சந்திக்கும் நேரத்தை அவர்கள் ரயிலுக்குத் தகுந்த மாதிரி மதியத்தில் வையுங்கள்.