நுண்பாசிக்குக் கரியமில வாயு எவ்வளவு தேவை?

கேள்வி: கரியமில வாயுவைக் கூடுதலாகச் செலுத்தினால் நுண்பாசி செழிக்கும் என்று படித்தேன். ஆனால் ஓரளவுக்கு மேல் வளர்ச்சி குன்றிவிடுகிறது. இதைக் கணித மாதிரியில் எவ்வாறு காட்டுவது?
- கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: வாயுவையும், நீர் அமிலமா காரமா என்பதைக் காட்டும் பிஎச் அளவையும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு காரணிகளாகக் கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது. நீரில் கரைந்த கரிமமானது கரியமில வாயு, பைகார்பனேட், கார்பனேட் என்னும் வடிவங்களில் இருக்கிறது. எது எவ்வளவு என்பதைப் பிஎச்தான் தீர்மானிக்கிறது. 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையுள்ள நன்னீரில் பிஎச் ஏறத்தாழ 6.35 ஆக இருக்கும்போது முதல் இரண்டும் சம அளவில் இருக்கும், 10.33 அளவில் பைகார்பனேட்டும் கார்பனேட்டும் சமமாகும். ஆகவே முதலில் இந்தச் சமநிலையைக் கணக்கிடுங்கள்.

வளர்ச்சி வேகத்துக்கு, அதை ஊட்டப்பொருளின் செறிவோடு இணைக்கும் மோனோ சமன்பாடு மட்டும் போதாது. அது வேகம் உச்சத்தை நெருங்குவதைக் காட்டுமே தவிர, பின்னர் சரிவதைக் காட்டாது. பின்னத்தின் கீழ்ப்பகுதியில் செறிவின் வர்க்கத்தையும் சேர்க்கும் ஹால்டேன் வடிவமே மிகைவாயுவின் தடையை வெளிப்படுத்தும். அதனுடன் பிஎச்சுக்கு ஒரு மணிவடிவச் சார்பைப் பெருக்க வேண்டும். குளோரெல்லா என்னும் பச்சை நுண்பாசிக்கு அதன் உச்சம் நடுநிலைக்கு (பிஎச் 7) அருகிலும், ஸ்பைருலினா என்னும் நீலப்பச்சைப் பாசிக்கு 9 முதல் 10 வரையிலும் அமையும்.

பகலில் ஒளிச்சேர்க்கை கரிமத்தை உறிஞ்சுவதால் பிஎச் தானாகவே ஏறும் என்பதையும் மறவாதீர்கள். எனவே அதை மாறிலியாக வைக்காமல், மொத்தக் கரைகரிமம், காரத்தன்மை (அமிலத்தை ஈடுசெய்யும் நீரின் திறன்) ஆகிய இரண்டிலிருந்து ஒவ்வொரு கணமும் வருவித்துக்கொள்ளுங்கள். சோதனையின்போது, வாயுவை ஏற்றும் அளவுக்கேற்பப் பைகார்பனேட்டையும் சேர்த்துப் பிஎச்சை நிலைநிறுத்தினால்தான், குன்றலுக்குக் காரணம் வாயுவா அமிலத்தன்மையா என்று பிரித்தறிய முடியும்.