"முதல் தடவை"ன்னு சொன்னீங்க, மாட்டினீங்க!

வாசகர் கேள்வி - பதில்

வாரத்துல அஞ்சு நாள் ஆபீஸ், ரெண்டு நாள் பிளேன்லருந்து பாராசூட்டோட குதிக்கற ஸ்கை டைவிங்னு தெற்கு கலிஃபோர்னியாவுல என் பொழப்பு ஓடுறதைப் பத்தி போன இதழ்ல ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்கள்ல பாதி "பயமா இல்லியா"ன்னு கேக்குது, மீதி "கூட குதிக்கற ஆளுங்க எப்படி, என்ன பேசிக்குவீங்க"ன்னு கேக்குது. எனக்கு ரெண்டாவது கேள்விதான் ரொம்பப் பிடிச்சுது, அதனால இந்த இதழ்ல அதுக்குத்தான் இடம் ஜாஸ்தி.

கே: அக்கா, எதையாவது முதல் தடவையா செஞ்சா எல்லாருக்கும் பீர் வாங்கித் தரணும்னு எழுதியிருந்தீங்களே, நிஜமாவா? (வாசகர், திண்டுக்கல்)

ப: நிஜம்தான் தம்பி. எங்கயும் எழுதி வைக்காத சட்டம் அது. முதல் தனி ஜம்ப், புது மாடல் பிளேன்லருந்து முதல் ஜம்ப், லைசென்ஸ் வாங்கின நாள், எதுவா இருந்தாலும் சரி, "இதான் எனக்கு முதல் தடவை"ன்னு வாய்ல வந்த நொடியே ஹேங்கர்ல ஒரு மூலைல பாராசூட் மடிச்சிட்டு இருக்கறவர் தலையைக்கூடத் தூக்காம "பீர்!"னு கத்துவார், அவர் கத்தினதும் மொத்த ஹேங்கரும் கத்தும். அன்னிக்குக் கடைசி பிளேன் இறங்கின பிறகுதான் மூடியைத் திறக்கணும். அதுக்கு முன்னாடி ஒரு வாய் குடிச்சாலும் அன்னிக்கு ஜம்ப் கிடையாது, இதுல யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாங்க. நான் குடிக்கறதில்ல, ஆனா மொறைக்கு ஒரு பெட்டி பீர் வாங்கி வச்சுட்டு, கூடவே வீட்ல மசால்வடை சுட்டு ஒரு டப்பா நிறைய எடுத்துட்டுப் போனேன், அதுலருந்து நான் ஷூ லேஸ் கட்டினாகூட "இது உனக்கு முதல் தடவைதானே?"ன்னு நாலு பேர் வந்து நிக்கறாங்க.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. போன வருஷம் 170 சதுர அடி பாராசூட்லருந்து 150 சதுர அடிக்கு மாறினேன். சின்னதாக ஆக வேகமா பறக்கும், தரையும் வேகமா வரும். பேச்சுவாக்குல "முதல் தடவை"ன்னு உளறிட்டேன், வழக்கம்போல கத்தினாங்க. கத்தினவங்கள்ல ஒருத்தர் அறுபது வயசு தாண்டினவர், ஆயிரக்கணக்குல குதிச்சவர், அவர் காபி கப்போட மெதுவா பக்கத்துல வந்து உக்காந்து, கியரோட சேத்து உன் எடை எவ்வளவு, 170-ல எத்தனை ஜம்ப் பண்ணே, எல்லாமே நின்னு இறங்கினதுதானான்னு ஒவ்வொண்ணா கேட்டார். பாராசூட் திறந்ததும் மேலயே ரெண்டு மூணு தடவை பிரேக் கயித்தை இழுத்துப் பாத்துக்கோ, எவ்வளவு இழுத்தா நிக்குதுன்னு கை தெரிஞ்சுக்கட்டும், அப்புறம் கீழ வான்னார். நான் அந்த வார்த்தையைச் சொல்லலைன்னா அவருக்கு விஷயமே தெரிஞ்சிருக்காது.

கே: பிளேன்ல ஏறினதும் எல்லாரும் சாமி கும்பிட்டுட்டு அமைதியா இருப்பீங்களா? (வாசகி, ஈரோடு)

ப: கும்பிடறவங்க இருக்காங்க, அமைதியா இருக்கறவங்கதான் கம்மி! நாங்க அதிகமா போறது ட்வின் ஆட்டர்னு ரெட்டை இன்ஜின் பிளேன், இருபது பேருக்கு மேல ஏத்துவாங்க, ஒருத்தர் முட்டி இன்னொருத்தர் முதுகுல இடிக்கும். உள்ள ஒரே மண்ணெண்ணெய் ஸ்டவ் வாசனை, ஏன்னா அந்த இன்ஜின் குடிக்கறதும் ஒரு வகை மண்ணெண்ணெய்தான். 1,500 அடி வர்ற வரைக்கும் ஹெல்மெட்டும் சீட் பெல்ட்டும் கழட்டக்கூடாது. அப்புறம் 12,500 அடிக்குப் போற கால் மணி நேரமும் வம்புதான், யாரு போன வாரம் தப்பான வயல்ல இறங்கி அரை மைல் நடந்து வந்தா, யாரு மாட்டியிருக்கற ஜம்ப்சூட் கலர் கண்ணைக் குத்துதுன்னு ஓடிட்டே இருக்கும். குதிக்கலாம்னு சொல்ற பச்சை விளக்கு எரிய ரெண்டு நிமிஷம் இருக்கறப்போ பேச்சு தானா நிக்கும். "என் பின் பாரு"ன்னு பக்கத்துல இருக்கறவங்ககிட்ட முதுகைக் காட்டுவோம், பாராசூட் பையை மூடி வச்சிருக்கற பின் சரியா உக்காந்திருக்கான்னு அவங்க ஃபிளாப்பைத் தூக்கிப் பாத்து தட்டிக் கொடுப்பாங்க. பிறகு உள்ளங்கையோட உள்ளங்கை உரசி, முஷ்டியோட முஷ்டி முட்டி, எல்லாரும் எல்லாருக்கும், அன்னிக்குத்தான் முதல் முதலா பாத்த ஆளா இருந்தாலும், ஒரு ரவுண்டு. அந்த நேரத்துல எல்லார் கண்ணுலயும் ஒரே மாதிரி ஒரு பார்வை இருக்கும், அதைப் பாக்கறதுக்காகவே நான் கதவுப் பக்கம் திரும்பாம உள்பக்கம் திரும்பி உக்காருவேன்.

கே: குதிச்சதும் ராட்சச ராட்டினத்துல இறங்கற மாதிரி வயித்தைக் கலக்குமா? (வாசகர், திருச்சி)

ப: கலக்காது. பிளேன் ஏற்கனவே நூறு மைல் வேகத்துக்குப் பக்கத்துல போயிட்டு இருக்கு, நீங்க அந்தக் காத்து மேல போய்ப் படுக்கறீங்க, அவ்வளவுதான். பத்துப் பன்னெண்டு செகண்ட்ல மணிக்கு 190 கிலோமீட்டர் கிட்ட வந்து வேகம் அப்படியே நின்னுடும்.

கே: பாராசூட்டை நீங்களேவா மடிக்கறீங்க? (வாசகி, கும்பகோணம்)

ப: மெயின் பாராசூட்டை நான்தான் மடிப்பேன். காசு குடுத்தா மடிச்சுத் தர ஆளுங்க இருக்காங்க, இருந்தாலும் எனக்கு இந்த வேலை புடிக்கும். புடவைக்குக் கொசுவம் வச்சிருக்கீங்கள்ல, அதேதான். கயித்தையெல்லாம் தோள்ல போட்டுட்டு, பாராசூட் துணில இருக்கற ஒன்பது அறையையும் எண்ணி, துணியை மடிப்பு மடிப்பா ரெண்டு பக்கமும் எடுத்து விட்டு, நடுவுல ஸ்லைடர்ங்கற சதுரத் துணியை மேல வரைக்கும் ஏத்தி வைக்கணும், பாராசூட் பட்டுனு திறந்து உடம்பை உலுக்காம மெதுவா விரியறது அந்தத் துணியாலதான். அப்புறம் எல்லாத்தையும் சுருட்டித் தரைல கிடத்தி, முட்டி போட்டு மேல படுத்து காத்தை வெளிய தள்ளணும். புதுத் துணின்னா எண்ணெய் தடவின மாதிரி வழுக்கும், இந்தப் பக்கம் அமுக்கினா அந்தப் பக்கம் உப்பும். ஆரம்பத்துல எனக்கு நாப்பது நிமிஷம் ஆச்சு, வேர்த்து ஊத்தும், போறவன் வர்றவன் எல்லாம் "மலைப்பாம்பு இன்னும் அடங்கலியா?"ன்னு கேட்டுட்டுப் போவான். கேட்டவன்ல ஒருத்தன் கேட்டுட்டே பக்கத்துல முட்டி போட்டு, பையோட வாயை எப்படிப் புடிச்சா துணி வெளிய வராதுன்னு கையைப் புடிச்சுக் காட்டினான், அதுலருந்து பதினஞ்சு நிமிஷத்துல முடிச்சிடறேன்.

கே: அந்தரத்துல எத்தனை பேர் கை கோர்க்க முடியும்? (வாசகர், சேலம்)

ப: 2006 பிப்ரவரி 8, தாய்லாந்துல உதோன் தானி, 400 பேர்! அவங்க அத்தனை பேரும் ஒரே வடிவத்துல நாலு செகண்ட் சொச்சம் புடிச்சிட்டு நின்னாங்க. நாங்க எட்டு பேர் சேர்றதுக்கே முதல்ல தரைல நாலு தடவை நடந்து ஒத்திகை பாக்கறோம். எடை அதிகமா இருக்கறவங்க வேகமா விழுவாங்க, ஒல்லியா இருக்கறவங்க மேலயே தங்கிடுவாங்க, அதனால நான் இடுப்புல ஈயக் கட்டி வச்ச பெல்ட் கட்டிக்குவேன், பெரிய உடம்புக்காரங்க தொளதொளன்னு காத்து புடிக்கற சூட் போட்டுக்குவாங்க. "இன்னிக்கு என்ன சாப்பிட்டே"ன்னு எங்க ஆளுங்க கேட்டா அது கேலியும்தான், கணக்கும்தான். இறங்கினதும் எல்லாரும் வீடியோ முன்னாடி உக்காருவோம். யாராவது கூட்டத்தைத் தவறவிட்டுக் கீழ போயிருந்தா அந்த இடத்துல வீடியோவை நிறுத்தி, திரும்ப ஓட்டி, "லிஃப்ட் வந்துடுச்சு, இறங்கிட்டா"ன்னு ஒரே சத்தம், பிறகு அதே வீடியோவுல உன் முட்டி இங்க மடங்குது பாரு, அதான் விஷயம்னு யாராவது சொல்லிக் குடுப்பாங்க.

கே: ஒரு தடவையாவது பாராசூட் ஒழுங்கா திறக்காம இருந்திருக்கா? மறைக்காம சொல்லுங்க அக்கா. (வாசகர், தூத்துக்குடி)

ப: இருந்திருக்கு. என்னோட 212-வது ஜம்ப். அடுத்த பிளேனைப் புடிக்கணும்னு அவசர அவசரமா நானே மடிச்சது, திறந்தப்போ உடம்பும் நேரா இல்ல. கயிறெல்லாம் முறுக்கிக்கிட்டு, பாராசூட் ஒரு பக்கமா சாய்ஞ்சு, என்னையும் சேத்து பம்பரமா சுத்துச்சு. கால உதைச்சு முறுக்கை அவுக்கப் பாத்தேன், அவுக்க அவுக்க சுத்தல்தான் ஜாஸ்தியாச்சு. கையில உயரம் காட்டற ஆல்டிமீட்டர் 2,700 அடின்னு காட்டுச்சு. வலது பக்கம் இருக்கற சின்னத் தலகாணி மாதிரி ஹேண்டிலை இழுத்தேன், மெயின் கழண்டு போச்சு, இடது பக்கத்தை இழுத்தேன், ரிசர்வ்ங்கற ரெண்டாவது பாராசூட் வந்துடுச்சு. பில் பூத்னு ஒருத்தர் 1970கள்ல கண்டுபிடிச்ச மூணு வளையம் தோள்ல இருக்கு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோர்த்து வச்ச வளையம், ஒரே இழுப்புல மெயினைக் கழட்டி விட்டுடும். அன்னிக்கு வெறும் கையால தொட்டுப் பாத்தேன் அந்த வளையத்தை, இன்னிக்கும் ஒவ்வொரு ஜம்ப்புக்கு முன்னாடியும் தொடுவேன்.

அன்னிக்கு நடந்ததுல நான் மறக்கவே முடியாதது அதுக்கப்புறம் நடந்ததுதான். என்கூட குதிச்ச ஒருத்தன் தன் பாராசூட்டைத் திருப்பி, காத்துல போயிட்டு இருந்த என்னோட மெயினையே பாத்துக்கிட்டு அது எந்தப் பக்கம் விழுதுன்னு மனசுல குறிச்சுக்கிட்டு இறங்கினான். நான் இறங்கினதும் முதல் கேள்வி "அடி பட்டுச்சா", ரெண்டாவது "முதல் ரிசர்வ்தானே? பீர்!". அப்புறம் அஞ்சு பேர் ஆளுக்கொரு தண்ணி பாட்டிலோட காஞ்ச புல்லுக் காட்டுல ரெண்டு மணி நேரம் நடந்தோம், வெயில் மண்டையைப் பொளக்குது, கால் ஜீன்ஸ் முழுக்க முள்ளு, அவங்க சம்பாதிச்ச லீவு நாள், ஜம்ப் எல்லாத்தையும் விட்டுட்டு என்னோட துணியைத் தேடறாங்க. வேலிக்கு அந்தப் பக்கம் நீலமா கிடந்துச்சு. ரிசர்வ் திறக்கறப்போ கழண்டு விழற அதோட உறைப்பை கிடைக்க இன்னும் அரை மணி நேரம் ஆச்சு.

ரிசர்வை நாங்க மடிக்க முடியாது, லைசென்ஸ் வாங்கின ரிக்கர்தான் மடிக்கணும், அமெரிக்காவுல உபயோகிச்சாலும் உபயோகிக்காட்டியும் 180 நாளுக்குள்ள மறுபடி பிரிச்சு மடிக்கணும். ரிசர்வ்ல இறங்கினா அதை மடிச்சவங்களுக்கு ஒரு நல்ல பாட்டில் வாங்கித் தரணும்ங்கறது வழக்கம். எங்க ரிக்கர் ஒரு அம்மா. பாட்டிலை அவங்க கைல குடுத்தப்போ எனக்குப் பேச்சே வரல, அவங்க என்னைக் கட்டிப் புடிச்சுட்டு, "மடிப்பு கலையாம இருந்துச்சா?"ன்னு கேட்டாங்க.

கே: எத்தனை பேர் சாகறாங்க? (வாசகர், வேலூர்)

ப: நேரடியா கேட்டதுக்கு நன்றி. 1970கள்ல அமெரிக்காவுல வருஷத்துக்கு சராசரியா 40 பேருக்கு மேல இறந்தாங்க. 2023-ல சுமார் 36 லட்சம் ஜம்ப், 10 பேர். ஒருத்தர்னாலும் அது ஒரு வீடு, எண்ணிக்கை குறைஞ்சுடுச்சுன்னு என்னால சந்தோஷப்பட்டு நகர முடியல. அமெரிக்காவுல ரொம்ப வருஷமாவே சாவுகள்ல பெரிய பங்கு முழுசா திறந்த, நல்ல நிலைமைல இருக்கற பாராசூட்டுக்குக் கீழதான் நடக்குது, தரைக்குப் பக்கத்துல வேகமா திரும்பப் போய். அதனாலதான் யாராவது சீக்கிரமா சின்ன பாராசூட்டுக்கு மாறினா எங்க ஆளுங்க விடாம நச்சரிக்கறாங்க, அந்த நச்சரிப்பை யாரும் நிறுத்திடக்கூடாதுன்னு நான் நினைக்கறேன்.

கே: காத்து அடிச்சா, மேகம் வந்தா என்ன பண்ணுவீங்க? (வாசகி, புதுச்சேரி)

ப: சும்மா உக்காந்திருப்போம். மாணவர்களுக்கு மணிக்கு 14 மைல் காத்துக்கு மேல போனா நிறுத்திடுவாங்க, மத்தவங்க அவங்கவங்க புத்தியை உபயோகிக்கணும். காத்து திசை காட்டற துணிக் கூம்பையே பாத்துக்கிட்டு சில நாள் காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு ஜம்ப்கூட இல்லாம போயிடும். பழைய ஆளுங்க கதை சொல்ல ஆரம்பிக்கறது அந்த நாள்லதான், நான் கத்துக்கிட்டதுல பாதி அப்படி உக்காந்திருந்தப்போ காதுல விழுந்தது.

கே: நம்ம நாட்டுப் பொண்ணுங்க யாராவது பெருசா சாதிச்சிருக்காங்களா? (கல்லூரி மாணவி, காரைக்குடி)

ப: ரேச்சல் தாமஸ் 2002-ல வட துருவத்துல 7,000 அடிலருந்து குதிச்சாங்க. புனே ஷீத்தல் மகாஜன் 2004 ஏப்ரல்ல வட துருவத்துல குதிச்சாங்க, அவங்க வாழ்க்கையோட முதல் ஜம்ப்பே அதுதான், பிறகு அண்டார்டிகாவுலயும் குதிச்சாங்க, 2011-ல பத்மஸ்ரீ. நீயும் வா தங்கச்சி. அமெரிக்காவுல கத்துக்கிட்டா 25 ஜம்ப்ல முதல் லைசென்ஸ். நூறாவது ஜம்ப்புக்கு மூஞ்சில தட்டு நிறைய க்ரீம் அப்புவாங்க, கண்ணை மூடிக்கோ, எனக்கு ரெண்டு நாள் காதுக்குள்ளருந்து வந்துட்டே இருந்துச்சு.

கே: என் மகன் அரிசோனாவுல வேலை பாக்கறான், ஒரு வருஷமா சனி ஞாயிறு ஆனா குதிக்கப் போயிடறான். எனக்குத் தூக்கமே இல்ல. போக வேண்டாம்னு சொல்லட்டுமா? (ஒரு அம்மா, நாகர்கோவில்)

ப: அம்மா, உங்க கடிதத்தை நாலு தடவை படிச்சேன். போகாதேன்னு சொன்னீங்கன்னா அவர் போறதை நிறுத்த மாட்டார், உங்ககிட்ட சொல்றதைத்தான் நிறுத்துவார்னு எனக்குத் தோணுது. அதுக்குப் பதிலா கேளுங்க. உன் பாராசூட் எத்தனை சதுர அடி, எத்தனை ஜம்ப் ஆச்சு, ரிசர்வ் எப்போ மடிச்சது, தானா திறக்கற கருவி ஆன் பண்ணியான்னு கேளுங்க. அந்தக் கருவி இருந்தா, அவர் மயங்கியே போனாலும் 750 அடி வாக்குல ரிசர்வை அதுவே திறந்து விட்டுடும். நீங்க இதையெல்லாம் கேட்டீங்கன்னா அசந்து போயிடுவார், அம்மாவுக்குத் தெரியும்னு நினைச்சாலே ஒரு கவனம் வரும். எங்க அம்மா அப்படித்தான், போன வாரம்கூட "புதுசு 150 எப்படி இருக்கு"ன்னு கேட்டாங்க.

இன்னொண்ணு, கடைசி ஜம்ப் முடிஞ்சதும் "இறங்கிட்டேன்"னு ஒரே ஒரு வார்த்தை அனுப்பச் சொல்லுங்க. அங்க சாயங்காலம் ஏழு மணின்னா உங்களுக்கு மறுநாள் காலை ஏழரை. ஞாயித்துக்கிழமையும் திங்கட்கிழமையும் நீங்க காபி போட்டு முடிக்கறதுக்குள்ள வந்துடும்.