கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸில் என்விடியா டிரைவர் ஏன் மக்கர் செய்கிறது?

லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவை அப்டேட் செய்து ரீஸ்டார்ட் போட்டதும் திரை கறுப்பாக நிற்கும், அல்லது எல்லாம் பெரிது பெரிதாகத் தெரியும். என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை.

டிரைவர் என்பது கார்டுக்கும் லினக்ஸின் மையமான கெர்னலுக்கும் நடுவே நின்று பேசும் மென்பொருள். ஏஎம்டி, இன்டெல் டிரைவர்கள் கெர்னலுக்குள்ளேயே இருப்பதால் அதனுடன் சேர்ந்தே மாறிவிடும். என்விடியாவின் சொந்த டிரைவர் வெளியிலிருந்து வருவது. அதன் கெர்னல் பகுதியின் மூலநிரலை 2022-இல் திறந்துவிட்டார்கள், ஆனாலும் அது தனியாகத்தான் வருகிறது. பூட்டை மாற்றினால் பழைய சாவி சேராது அல்லவா? அதுபோல ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் இந்த டிரைவரைப் புதிதாகக் கட்டமைக்க வேண்டும். டிகேஎம்எஸ் என்ற கருவி அதைத் தானாகச் செய்யும். அதற்குத் தேவையான கெர்னல் ஹெடர்கள் (கெர்னலின் அமைப்பை விவரிக்கும் கோப்புகள்) இல்லாவிட்டால் அந்த வேலை பாதியில் நின்றுவிடும்.

சரி, என்ன செய்வது? கணினி தொடங்கும்போது எந்தக் கெர்னல் வேண்டும் என்று கேட்கும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். திரை ஒழுங்காக வந்தால் பெரும்பாலும் கோளாறு இதுதான். ஹெடர்களையும் டிரைவரையும் மறுபடி நிறுவுங்கள். அப்புறமும் சரியாகவில்லையா? கணினி தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் (Secure Boot) வசதியைப் பாருங்கள். கையொப்பம் பதிவாகாத டிரைவரை அது ஏற விடாது. நிறுவிய பின் அடுத்த ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத் திரை வருமே, அந்தப் பதிவு நடக்கும் இடமே அதுதான். பலர் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள்.

என்விடியா தளத்திலிருந்து நேரடியாக இறக்கி நிறுவுவதே நல்லது என்று விண்டோஸ் பழக்கத்தில் நினைப்பவர்கள் உண்டு; உபுண்டுவில் அதன் சொந்த மென்பொருள் களஞ்சியத்தில் இருக்கும் டிரைவர்தான் கெர்னல் அப்டேட்டுகளோடு ஒத்துப்போகும்படி பராமரிக்கப்படுகிறது.