டார்ச் போதும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

என் அப்பாவுக்கு 62 வயது. இளவயதிலிருந்தே வெற்றிலை சீவல் போடுகிறார், புகையிலை சேர்ப்பதில்லை. வலது கன்னத்தின் உள்பக்கம் சில மாதங்களாக வெள்ளையாக ஒரு படை. வலி இல்லை, காரம் பட்டால் மட்டும் எரிகிறது என்கிறார். வாயைக் காட்டச் சொன்னால் கோபம் வருகிறது. முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜ் எடுத்தால், புற்றுநோய் இருந்தால் தெரிந்துவிடுமா? எந்தப் பேக்கேஜ் நல்லது? சதை எடுத்துச் சோதித்தால் நோய் பரவும் என்று சித்தப்பா பயமுறுத்துகிறார். உண்மையா?

ம., மயிலாடுதுறை

அன்புள்ள ம.,

பேக்கேஜ் எதுவும் வேண்டாம். எத்தனை குழாய் ரத்தம் எடுத்தாலும் வாய்ப்புற்று அதில் தெரியாது. சித்தப்பா சொல்வது தவறு. அவரோடு வாதாடி நாளைக் கடத்தாதீர்கள்.

சில நாட்களாக என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்த விஷயத்தை உங்கள் கடிதம் கிளறிவிட்டது. வயிற்றுக்குள் வளரும் கட்டியைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டும். வாய் அப்படியா? வெள்ளைப் படை, அதைவிட மோசமான சிவப்புப் படை, ஆறாத புண் என்று பல சமயம் முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிகிறது. பார்க்கத் தெரிந்த ஒரு ஆளும் ஒரு டார்ச்சும் போதும். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 13 பஞ்சாயத்துகள், 35 வயது தாண்டியவர்கள் 1,90,000 பேருக்கு மேல். ஏழு பஞ்சாயத்துகளில் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்தார்கள், ஆறில் வழக்கம்போல விட்டுவிட்டார்கள். பார்த்தவர்கள் டாக்டர்கள்கூட இல்லை, பயிற்சி கொடுக்கப்பட்ட பட்டதாரிகள். சந்தேகம் வந்தவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். 2005இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. புகையிலையோ மதுவோ பழக்கமாக இருந்தவர்களில், பரிசோதனை நடந்த பஞ்சாயத்துகளில் வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைவு. இத்தனைக்கும் அவர்கள் கையில் இருந்தது வெறும் டார்ச். இங்கே நாம் லேப் விளம்பரத்தைப் பார்த்து எந்தப் பேக்கேஜ் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் பெரியம்மா நாள் முழுக்க வெற்றிலை பாக்கு மெல்லுவாள். நாங்கள் அவள் மடியில் வளர்ந்தவர்கள். ஒரு கட்டத்தில் முறுக்கை நொறுக்கித் தின்ன ஆரம்பித்தாள். அப்புறம் இட்லியை விரல் நுனி அளவுக்குப் பிய்த்தாள். பிறகு கரண்டியே உள்ளே போகவில்லை, கஞ்சியைத் தம்ளரில் உறிஞ்சிக் குடித்தாள். "பல்லு போச்சு, வயசாச்சு" என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம், அவளும் சொன்னாள். பாக்கு மெல்பவர்களுக்குக் கன்னத்தின் உள்தசை நார் நாராக இறுகி வாய் திறப்பது குறைந்துகொண்டே போகும்; அதுவே புற்றுக்கு முந்தைய நிலை என்று அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? தாடைக்குக் கீழே கட்டி உருண்டு வந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு விரல்கூட நுழையாத வாய்க்குள் அந்த டாக்டர் பார்க்கப் பட்ட பாடு! தினமும் அவளுக்குச் சோறு போட்ட வீட்டில் ஒருவர்கூட அந்த வாய்க்குள் எட்டிப் பார்த்ததில்லை.

அதனால்தான் உங்கள் "வலி இல்லை" எனக்கு எரிச்சலூட்டுகிறது. ஆரம்பத்தில் வலிக்காது, ஐயா. வலி வரட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் முற்றியபின் வந்து நிற்கிறார்கள். "புகையிலை சேர்ப்பதில்லை" என்பதும் ஆறுதல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. தாம்பூலத் தட்டில் மஞ்சளுக்குப் பக்கத்தில் இருப்பதால் பாக்கு சாதுவாகிவிடாது.

பயப்படவும் வேண்டாம். வெள்ளைப் படை எல்லாம் புற்றாக மாறுவதில்லை. மாறுமா என்று நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது, அவ்வளவுதான். இந்த வாரமே பல் டாக்டரிடமோ காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ போங்கள். அரசு ஆஸ்பத்திரி போதும். கன்னம், நாக்கின் ஓரம், நாக்குக்கு அடியில், கழுத்து எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். சதை எடுக்க வேண்டும் என்றால் எடுக்கட்டும். அப்பாவின் மூன்று விரல்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அவர் வாய்க்குள் போகிறதா என்றும் கேளுங்கள். கோபப்படுவார் என்கிறீர்கள். படட்டுமே. பல் சுத்தம் பண்ணப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிப்போங்கள், அந்தப் பொய்க்குப் பாவமில்லை.

உங்கள் கடிதத்தைச் சுருக்கும்போது ஒரு வரியை வெட்டிவிட்டேன். "எனக்கு எந்தப் பழக்கமும் கிடையாது, நைட் ஷிஃப்டில் தூக்கம் வராமலிருக்க பான் மசாலா மட்டும்" என்று எழுதியிருந்தீர்கள். அதிலும் இருப்பது பாக்குதான். அப்பாவுக்குப் பார்த்து முடித்ததும் அதே நாற்காலியில் நீங்களும் உட்காருங்கள்.