யாரோஸ்லாவும் யாரோஸ்லாவ்ல் நகரமும்: வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஐயா, பழைய பணத்தாள் சேகரிக்கிறேன். ரஷ்யாவின் 1000 ரூபிள் தாளில் சிலையாக நிற்கும் மன்னர் யார்?

அவர்தான் அறிஞன் யாரோஸ்லாவ், 1054இல் இறந்த கீவ் மன்னர். சிலை இருப்பது மாஸ்கோவுக்கு வடகிழக்கே, வோல்கா கரையில், அவர் பெயராலேயே அழைக்கப்படும் யாரோஸ்லாவ்ல் நகரில். தாளைத் திருப்பிப் பாருங்கள். அதே ஊரின் யோவான் ஸ்நாபகர் தேவாலயம் இருக்கும். 17ஆம் நூற்றாண்டுச் செங்கல் கட்டடம், பதினைந்து குவிமாடங்கள். உங்கள் சேகரிப்பில் உக்ரைனின் 2 ஹ்ரிவ்னியா தாள் இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள், அதிலும் இதே மன்னர்தான்.

அப்படியென்றால் அவர் ரஷ்யரா, உக்ரைனியரா?

அவர் காலத்தில் இந்த இரண்டு நாடுகளுமே இல்லை. இருந்தது ‘ருஸ்’ என்ற அரசு, தலைநகர் கீவ். அவர் எழுப்பிய புனித சோபியா பேராலயம் இன்றும் கீவில் நிற்கிறது. மனைவி இங்கிகெர்ட் சுவீடன் மன்னரின் மகள். மூன்று மகள்களில் ஒருத்தி பிரான்சுக்கும், ஒருத்தி ஹங்கேரிக்கும், ஒருத்தி நார்வேக்கும் அரசியாகப் போனார்கள். இப்படி ஒரு மனிதரை இன்றைய எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம் தள்ளுவது சரித்திரத்துக்குச் செய்யும் அநீதி என்பேன்.

சார், கோடரியால் கரடியைக் கொன்று அந்த இடத்தில் ஊரைக் கட்டினார் என்கிறார்களே, நிஜமா?

ஊரின் சின்னத்திலேயே கோடரி ஏந்திய கரடி இருப்பதால் கதை நன்றாக நிலைத்துவிட்டது. கோதரொஸ்ல் ஆறு வோல்காவில் கலக்கும் மேட்டில் ‘கரடி மூலை’ என்றொரு குடியிருப்பு. அங்கிருந்தவர்கள் வோலோஸ் என்ற கால்நடைத் தெய்வத்தைக் கும்பிட்டவர்கள். இளவரசர் வந்ததும் கூண்டைத் திறந்து ஒரு கொடிய விலங்கை அவர்மேல் ஏவிவிட, அவர் கோடரியால் வெட்டிச் சாய்த்தாராம். இது பல நூற்றாண்டு கழித்து எழுதப்பட்ட கதை. அவர் கால ஆவணம் எதிலும் இல்லை.

ஆனால் அவர் கீவுக்கு வருமுன் பக்கத்து ரோஸ்தோவில் இளவரசராக இருந்தது உண்மை. அங்கிருந்து நோவ்கொரோத் நகரை ஆளப் போவதற்கு முன் கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கில்தான் 1010 என்று ஆண்டு குறிக்கிறார்கள். 2010இல் ஆயிரமாவது ஆண்டு விழா எடுத்ததும் அதை வைத்துத்தான்.

அப்போ ஊரைப் பற்றிய முதல் எழுத்துச் சான்று எது அண்ணா?

நல்ல கேள்வி தம்பி. ஆண்டுவாரியாக நிகழ்வுகளைக் குறித்துவைத்த பழைய ருஸ் நாளாகமத்தில் 1071ஆம் ஆண்டின் கீழ் வருகிறது, அதுவும் கொடூரமான ஒரு சம்பவத்தோடு. ரோஸ்தோவ் நாட்டில் பஞ்சம். யாரோஸ்லாவ்லிலிருந்து இரண்டு மந்திரவாதிகள் புறப்படுகிறார்கள். “விளைச்சலை ஒளித்து வைத்திருப்பது யாரென்று எங்களுக்குத் தெரியும்” என்று சொல்லி, வோல்கா கரையெங்கும் வசதியான வீட்டுப் பெண்களைக் குறிவைக்கிறார்கள். இவள் தானியத்தை வைத்திருக்கிறாள், இவள் தேனை, இவள் மீனை என்று பழி சுமத்தி, முதுகைக் கீறி உள்ளேயிருந்து தானியமோ மீனோ எடுப்பதுபோல் காட்டி, கொன்றுவிட்டுச் சொத்தை எடுத்துக்கொள்கிறார்கள். வடக்கே பெலோஓசெரோ என்ற ஊருக்கு வந்து சேரும்போது பின்னால் முந்நூறு பேர்.

அங்கே கப்பம் வாங்க வந்திருந்த யான் என்ற அதிகாரி இருவரையும் பிடித்து, பலியான பெண்களின் உறவினர்களிடமே ஒப்படைக்கிறார். அவர்கள் கொன்று ஓக் மரத்தில் தொங்கவிட, மறுநாள் இரவு கரடி ஏறி உடல்களைத் தின்றதாக நாளாகமம் சொல்கிறது. ஊரின் பழங்காலத்தைத் தெரிந்துகொள்ள, வீரக்கதையைவிட இந்த ஒரு பத்திதான் எனக்குப் பெரிது. பசி, பயம், கிறிஸ்தவம் வந்த பிறகும் விடாத பழைய நம்பிக்கை எல்லாம் இதில் இருக்கின்றன.

மங்கோலியர்கள் இந்த ஊரையும் அழித்தார்களா?

1238இல் எரித்தார்கள். எந்த அளவுக்கு என்பது 2005இல் தொடங்கிய அகழாய்வில்தான் தெரிந்தது. 1937இல் சோவியத் அரசு இடித்த மரியன்னை பேராலயத்தை மறுபடி கட்டுவதற்கு முன் அந்த இடத்தைத் தோண்டினார்கள். குழி குழியாக மனித எலும்புகள், பெண்களும் குழந்தைகளும் உட்பட. ஒரு குழியில் பாட்டி, மகள், பேரன் என மூன்று தலைமுறை இருந்ததை டிஎன்ஏ சோதனை காட்டியது. எச்சங்களில் கிடைத்த ஈப்புழுக்களை ஆராய்ந்தபோது, குளிர்காலத்தில் கொல்லப்பட்டவர்களை வெயில் வந்த பிறகுதான் புதைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அதுவரை உடல்களை எடுத்துப் போட ஆளில்லை.

மன்னருக்குக் கால் ஊனமாமே?

ஆமாம். பங்காளிச் சண்டையில் எதிரிப் படைத்தலைவன் ஆற்றுக்கு அக்கரையிலிருந்து, “தச்சர்களே, இந்த நொண்டியோடு ஏன் வந்தீர்கள்?” என்று யாரோஸ்லாவோடு வந்த நோவ்கொரோத் வீரர்களைக் கேலி செய்ததாக நாளாகமத்தில் இருக்கிறது. 1939இல் கீவில் அவரது கல்லறைப் பேழையிலிருந்த எலும்பை ஆராய்ந்தவர்கள் கால் குறையை உறுதி செய்தார்கள். 2009இல் மீண்டும் திறந்தபோது அந்த எலும்புகள் பேழையில் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது வெளிநாட்டுக்குக் கொண்டுபோயிருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

ஒரு நாள்தான் யாரோஸ்லாவ்லில் இருப்பேன். எதைப் பார்க்க?

எலியா தீர்க்கதரிசி தேவாலயம் அம்மா, யோசிக்கவே வேண்டாம். ஸ்கிரீபின் சகோதரர்கள் என்ற வணிகர்கள் 1650இல் கட்டி முடித்தது. உள்ளே சுவர் முழுக்க ஓவியம். பைபிளின் எலிசா தீர்க்கதரிசி கதையில் வரும் அறுவடைக் காட்சியைத் தேடிப் பாருங்கள். வண்ணச் சட்டை போட்டவர்கள் அரிவாளோடு குனிந்து கதிர் அறுத்துக்கொண்டிருப்பார்கள். நேரம் மிச்சமிருந்தால் ஆறுகள் கூடும் முனைக்கு நடந்து போகலாம்.