40 டோக்கனும் ஒரு வாக்கும்

வணக்கம். மூன்று வருடமாக ஒரு டாவோவின் (டிஜிட்டல் டோக்கன் வைத்திருப்பவர்கள் வாக்களித்து நடத்தும் பிளாக்செயின் அமைப்பு) டோக்கன் வைத்திருக்கிறேன். மொத்தமே 40. இதுவரை எந்த முன்மொழிவுக்கும் வாக்களித்ததில்லை. போன வாரம் ஒரு முன்மொழிவு குவோரம் (குறைந்தபட்சம் விழ வேண்டிய வாக்கு) எட்டாமல் விழுந்தது. உடனே அதன் ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவர், வாக்களிக்காதவர்களெல்லாம் ‘சும்மா உட்கார்ந்து லாபம் பார்க்கிறவர்கள்’ என்று எழுதிவிட்டார். லட்சக்கணக்கில் டோக்கன் வைத்திருக்கும் ஐந்தாறு வாலட்கள் (டோக்கன் கணக்குகள்) முடிவெடுக்கிற இடத்தில் என் 40 எதற்கு? நான் பொறுப்பில்லாதவனா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று வாசகர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. கணக்கும் சரிதான். ஒரு டோக்கனுக்கு ஒரு வாக்கு என்றால் அங்கே எடை ஆளுக்கு இல்லை, கையிருப்புக்கு. அப்படி ஓர் அமைப்பை வைத்துக்கொண்டு பொதுத்தேர்தல் பாணியில் கடமை, பொறுப்பு என்று அதட்டுவது எனக்கும் பிடிப்பதில்லை.

குவோரம் எட்டாமல் போவதும் எப்போதும் கேடு என்று சொல்லிவிட முடியாது. 2020 அக்டோபரில் டோக்கன் மாற்றும் தளமான யூனிஸ்வாப்பின் முதல் முன்மொழிவே அப்படித்தான் விழுந்தது. தேவை 4 கோடி ஆதரவு வாக்கு. ஆதரவாக வந்தது சுமார் 3.96 கோடி, எதிர்ப்பு சொற்பம். அந்த முன்மொழிவு கேட்டதே குவோரத்தை 3 கோடியாகக் குறைக்கச் சொல்லித்தான்! குறைத்திருந்தால், நிறைய வாக்குகளை ஏற்கெனவே திரட்டி வைத்திருந்த ஓரிரு நிறுவனங்கள் நினைத்ததைச் சாதித்துக்கொள்ளலாம் என்ற பயம் பலருக்கு இருந்தது. வராதவர்கள் அன்று தெரிந்தோ தெரியாமலோ அதைத் தடுத்துவிட்டார்கள்.

ஆனால் டோக்கன் கடன் தளமான காம்பவுண்டில் நடந்ததைப் பாருங்கள். 2024 ஜூலை. கருவூலத்திலிருந்து அதன் சொந்த டோக்கனான காம்பில் 4,99,000ஐ, அன்றைய மதிப்பில் சுமார் 2.4 கோடி டாலர், ஒரு குழுவின் முதலீட்டுத் திட்டத்துக்குக் கொடுக்கச் சொல்லும் முன்மொழிவு. இதே போன்ற கோரிக்கை அதற்கு முன்பு எடுபடவில்லை. மறுபடி கொண்டுவந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு முடிந்தபோது ஆதரவு 6,82,191, எதிர்ப்பு 6,33,636. வித்தியாசம் ஐம்பதாயிரத்துக்கும் கீழே. காம்பின் மொத்த அளவு 1 கோடி. அதில் வாக்காக விழுந்தது 13 லட்சம் சொச்சம். பிறகு பேச்சுவார்த்தை நடந்து அந்த முன்மொழிவைத் திரும்பப் பெற்றார்கள், அது வேறு கதை. பெரிய வாலட்கள் முடிவெடுக்கின்றன என்கிறீர்கள். உண்மை. ஆனால் பெரிய வாலட்கள் இரண்டு பக்கமும் நிற்கிற நாளில், நடுவில் மிச்சமிருப்பது உங்களைப் போன்றவர்களின் சில்லறைதான்.

சரி, எல்லாவற்றுக்கும் ஓடிப்போய் வாக்களித்துவிடலாமா? கூடாது என்பேன். என் கதையைக் கேளுங்கள். நான் இருந்த ஒரு டாவோவில் ஒருமுறை நாலு முன்மொழிவுகள் ஒரே நாளில் முடிவதாக இருந்தன. ராத்திரி, போனில், படுத்துக்கொண்டே. தலைப்பைப் பார்த்தேன், கீழே ஆதரவுப் பட்டை பச்சையாக முக்கால்வாசி நிரம்பியிருந்தது, ஆதரவு, கையெழுத்து, அடுத்தது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, மூன்றாவது முன்மொழிவில் பணிக்குழுவின் சம்பளத்தை யாரும் கேட்காமலே வருடா வருடம் புதுப்பித்துக்கொள்ளும் ஷரத்து இருந்தது என்று. புள்ளிவிவரத்தில் அன்று நான் பொறுப்புள்ள பங்கேற்பாளர்.

எனக்குப் போனது கொஞ்சம் மானம்தான். பரிவர்த்தனைத் தடத்தை மறைக்கும் டொர்னாடோ கேஷ் சேவையில் போனது நிர்வாகமே. 2023 மே மாதம் ஒருவர் ஒரு முன்மொழிவு வைத்தார். முன்பு நிறைவேறிய ஒன்றின் அதே தர்க்கம்தான் இதிலும் என்று விளக்கத்தில் எழுதியிருந்தார். நம்பி வாக்களித்தார்கள், நிறைவேறியது. ஆனால் அதன் நிரலில் (கோட்) கூடுதலாக ஒரு ஃபங்ஷன் ஒளிந்திருந்தது. அதை வைத்து அந்த முன்மொழிவின் ஸ்மார்ட் கான்ட்ராக்டை (பிளாக்செயினில் தானே இயங்கும் நிரல்) அழித்து, அதே முகவரியில் வேறு நிரலை வைத்துத் தனக்குத்தானே 12 லட்சம் வாக்குகளை எழுதிக்கொண்டார். உண்மையான வாக்குகள் மொத்தம் சுமார் 7 லட்சம்தான். அங்கே வாக்களிக்க ஆள் இருந்தது. நிரலைப் பிரித்துப் பார்க்கத்தான் போதுமான ஆள் இல்லை.

எல்லோராலும் சாலிடிட்டி (இந்தக் கான்ட்ராக்டுகளை எழுதும் மொழி) படிக்க முடியாது, தேவையுமில்லை. அதற்குத்தான் நம் வாக்கை இன்னொருவரிடம் ஒப்படைக்கும் டெலிகேட் ஏற்பாடு. ஆனால் பலர் டோக்கன் கிடைத்த அன்றைக்கு யாரோ ஒருவர் பெயரைத் தட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அவர் எதற்கு ஆதரவு கொடுத்தார், காரணம் எழுதினாரா, கடைசியாக எப்போது வந்தார் என்பதெல்லாம் பிளாக்செயினிலும் அவருடைய பக்கத்திலும் திறந்தே கிடக்கிறது. மாதம் பத்து நிமிடம் அதைப் பார்த்து, பிடிக்காவிட்டால் மாற்றிவிடுங்கள். உங்கள் 40 டோக்கனுக்கு நான் கேட்கக்கூடிய அதிகபட்சப் பொறுப்பு அவ்வளவுதான். கார்டானோ பிளாக்செயினில் யாராவது ஒரு பிரதிநிதியையோ, ‘எப்போதும் வாக்களிப்பதில்லை’, ‘நம்பிக்கையில்லை’ என்ற தேர்வுகளில் ஒன்றையோ குறிப்பிடாமல் ஸ்டேக்கிங் (செயினை இயக்க டோக்கனைத் துணையாக நிறுத்துவது) வெகுமதியை எடுக்க முடியாது. கொஞ்சம் கெடுபிடிதான். ஆனாலும் ஒதுங்குவதையாவது சொல்லிவிட்டு ஒதுங்கு என்கிற அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்று. அந்த 40 டோக்கன் எங்கே இருக்கிறது? எக்ஸ்சேஞ்சில் (டோக்கன் வாங்கி விற்கும் நிறுவனத்தில்) என்றால் நீங்கள் வாக்களிக்காமல் இருக்கவில்லை, உங்களிடம் வாக்கே இல்லை. 2020 மார்ச்சில் ஸ்டீம் செயினில், பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய எக்ஸ்சேஞ்சுகளில் வாடிக்கையாளர்கள் போட்டு வைத்திருந்த டோக்கன்களைக் கொண்டே அந்த எக்ஸ்சேஞ்சுகள் வாக்களித்து, செயினை நடத்தும் விட்னஸ்களை மாற்றின. எதிர்ப்பு கிளம்பியதும் பைனான்ஸும் ஹுவோபியும் பின்வாங்கின. அதற்குள் சமூகம் உடைந்து, அதே மாதத்தில் ஹைவ் என்று தனிச் செயினாகப் பிரிந்துவிட்டது (ஃபோர்க்). அப்போது பேசாமல் இருந்தவர்களின் டோக்கன்தான் அதிகம் பேசியது.

உங்கள் ஒருங்கிணைப்பாளருக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. விழுந்துபோன அந்த முன்மொழிவு எதைக் கேட்டது? இவ்வளவு நீளக் கோபத்தில் அதை மட்டும் நீங்கள் எழுதவேயில்லை.