பனிக்காலத்துல பெல்லட் ஸ்மோக்கர்: வாசகர் கேள்வி, நம்ம பதில்

கேள்வி: அண்ணா, நாங்க அமெரிக்காவுல மினியாபோலிஸ்ல இருக்கோம். கோடை முழுக்க பெல்லட் ஸ்மோக்கர்ல (மரத்தூள அழுத்தின சின்னக் குச்சித் துண்டுங்கள எரிச்சு, அந்தப் புகைலயும் சூட்டுலயும் கறி வேக வைக்கற அடுப்பு) பிரிஸ்கெட் (மாட்டு நெஞ்சுக் கறி), கோழின்னு போட்டுத் தள்ளினோம், அருமையா வந்துச்சு. இப்போ வெளிய மைனஸ் 15 செல்சியஸ். 225 ஃபாரன்ஹீட் வச்சா 190லயே நின்னுடுது, பெல்லட்டும் மளமளன்னு தீருது. மெஷின் கோளாறா? பேசாம ஏப்ரல் வரைக்கும் மூடி வச்சுடவா?

பதில்: மூடி வைக்காதீங்க தம்பி, அந்த ஊர்ல குளிர்காலம் பாதி வருஷம், அவ்வளவு நாள் நல்ல கறி இல்லாம இருக்கணுமா என்ன. கோளாறா இருக்க வாய்ப்பு கம்மிதான். ஹாப்பர்ல, அதாவது பெல்லட் கொட்டி வைக்கற பெட்டில இருக்கறத ஆகர்ங்கற திருகு கொஞ்சம் கொஞ்சமா ஃபயர் பாட்டுக்கு, அதாவது பெல்லட் எரியற கிண்ணத்துக்குத் தள்ளுது, ஃபேன் காத்து ஊதுது, கன்ட்ரோலர் சூட்டப் பாத்து கூட்டிக் குறைக்குது, ஆனா பல மாடல்ல உடம்பு மெல்லிசான ஒத்தைத் தகடு, சூடு வெளிய ஓடிக்கிட்டே இருந்தா அது எவ்வளவுதான் தள்ளும்? கோடைய விட ரெண்டு மடங்கு பெல்லட் போனாலும் பயப்படாதீங்க, கூட ஒரு மூட்டை வாங்கி வச்சுக்கோங்க.

என்னக் கேட்டா குளிர விட காத்துதான் பெரிய எதிரி. அதே மைனஸ் 15ல காத்து இல்லாத நாள்ல ஒழுங்கா ஓடும், காத்தடிச்சா தகட்டுல இருக்கற சூட்ட வழிச்சுட்டுப் போயிடும். அதனால வீட்டோட எந்தப் பக்கம் காத்து மறையுதோ அங்க நகர்த்துங்க, சுவத்துல ஒட்டி மட்டும் வேணாம். உங்க மாடலுக்குன்னே செஞ்ச இன்சுலேட்டட் போர்வை கிடைச்சா வாங்கிப் போடுங்க, புகைபோக்கியும் ஹாப்பரும் மூடாம பாத்துக்கோங்க. வீட்டுல இருக்கற பழைய கம்பளிய போடற வேலையே வேணாம், பத்திக்கும்.

அப்புறம் மூடிய சும்மா சும்மா திறக்காதீங்க. கோடைல சில நிமிஷத்துல ஏறிடற சூடு இப்போ ஏற ரொம்ப நேரமாகும். வயர் வெச்ச தெர்மாமீட்டர கறிக்குள்ள குத்திட்டு, வீட்டுக்குள்ள இருந்தே பாருங்க. மணிக்கணக்க நம்பாதீங்க, கறிக்குள்ள சூடு கோழிக்கு 165 ஃபாரன்ஹீட், பிரிஸ்கெட்டுக்கு 200லேர்ந்து 205, அதுதான் கணக்கு. ப்ரீஹீட்டுக்கும் கூட நேரம் விடுங்க.

கேள்வி: ராத்திரி நடுவுல ஒருமுறை தானா அணைஞ்சுடுச்சு. காலைல அப்படியே திரும்ப ஸ்டார்ட் பண்ணிடலாமா?

பதில்: பண்ணவே கூடாது! நெருப்பு அணைஞ்சது தெரியாம ஆகர் பெல்லட்ட தள்ளிக்கிட்டே இருந்திருக்கும், ஃபயர் பாட் நிறைஞ்சு கிடக்கும். அதுல பத்த வச்சா மொதல்ல கெட்டியா வெள்ளைப் புகை வரும், அந்தப் புகையே ஒரு நேரம் குப்புன்னு பிடிச்சு மூடியத் தூக்கி அடிக்கும். பிளக்க புடுங்கி, நல்லா ஆற விட்டு, கம்பி, தட்டு எல்லாம் கழட்டி, ஃபயர் பாட்டக் காலி பண்ணி சாம்பல் எடுத்துட்டுதான் திரும்ப போடணும். கறி 40க்கும் 140 ஃபாரன்ஹீட்டுக்கும் நடுவுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல கிடந்திருந்தா தூக்கிப் போட்டுடுங்க, எவ்வளவு காசு குடுத்து வாங்கினதா இருந்தாலும் சரி.

அணையறதுக்கு ஒரு முக்கியக் காரணம் ஈரம். பெல்லட்ல பெரும்பாலும் பசை கிடையாது, மரத்தூள மரத்துலயே இருக்கற லிக்னின்தான் பிடிச்சு வச்சிருக்கு. பனி உருகி ஒரு சொட்டு ஹாப்பருக்குள்ள போனா போதும், ஊறின அவல் மாதிரி உப்பி ஆகர்ல இறுகிடும், அப்புறம் அதக் கழட்டி சுத்தம் பண்றது ஒரு நாள் வேலை. சமைச்சு முடிச்சதும் ஹாப்பரக் காலி பண்ணி, பெல்லட்ட மூடி வெச்ச பக்கெட்ல வீட்டுக்குள்ள வைங்க. ஒண்ண ஒடிச்சுப் பாருங்க, டக்குன்னு ஒடிஞ்சா நல்ல பெல்லட், பொலபொலன்னு உதிர்ந்தா வேணாம். வேலை முடிஞ்சதும் பிளக்க புடுங்காம ஷட்டவுன் மோட்ல போடுங்க, மிச்ச பெல்லட் எரிஞ்சு முடியற வரைக்கும் ஃபேன் ஓடணும், இல்லன்னா நெருப்பு ஆகர் வழியா ஹாப்பர் பக்கம் ஏற வாய்ப்பு இருக்கு.

கேள்வி: கராஜ் கதவ முழுசா திறந்து வச்சுட்டு உள்ளயே போடலாமா? வெளிய நிக்கவே முடியல.

பதில்: வேணாம்மா. கதவு திறந்திருந்தாலும் வேணாம். மரம் எரியறப்ப கார்பன் மோனாக்சைடு வருது, நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, கராஜ்லேர்ந்து வீட்டுக்குள்ள போறதும் தெரியாது. ஸ்மோக்கர் வெளியதான் இருக்கணும், நீங்க உள்ள இருங்க.